ஒரு பக்க மூக்கடைப்பும் இரத்தக் கசிவும்: அரச வைத்தியசாலையில் உங்களுக்கு உரியவை

மூக்கின் ஒரு துவாரம் மட்டும் வாரக்கணக்கில் அடைத்திருக்கிறது, அந்தப் பக்கத்தால் அடிக்கடி இரத்தம் வருகிறது, மணமும் பிடிபடவில்லை என்றால் பீனிசம் என்று விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் சாதாரண காரணமாகவே இருக்கும். ஆனால் மூக்கின் மேற்கூரையில், மணத்தை உணரும் படலத்தில் உண்டாகும் எஸ்தீசியோநியூரோபிளாஸ்டோமா என்ற அரிய புற்றுக்கட்டியும் இப்படித்தான் தொடங்கும்.

அரச வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலைகளிலோ திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலோ காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். ‘ஒரு பக்கம் மட்டும்தான்’ என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நிபுணர் மெல்லிய கமெராக் குழாயை விட்டுப் பார்ப்பார். கட்டி தெரிந்தால் சீ.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கான்கள் எடுக்கப்படும். சோதனைக்குச் சதைத்துண்டு எடுப்பது வழக்கமாக அதற்குப் பிறகுதான்; இக்கட்டியில் இரத்த ஓட்டம் அதிகம், மூளைப் பக்கமும் பரவியிருக்கலாம். ஆகவே ‘இன்னும் வெட்டிப் பார்க்கவில்லையே’ என்று பதற வேண்டாம். நுணுக்குக்காட்டியில் இது வேறு சில புற்றுகளைப் போலவே தெரியும். அதனால் வேறு வைத்தியசாலைக்கு மாற்றும்போது அறிக்கை மட்டும் போதாது. எடுத்த சதைத்துண்டைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு வீண் அலைச்சல்.

பெரும்பாலானோருக்குச் சத்திரசிகிச்சையும் தொடர்ந்து கதிர்வீச்சும் தேவைப்படும். சிலருக்கு நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து நிற்பார். கதிர்வீச்சு மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை, மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை, கண்டி போன்ற இடங்களில் உண்டு. அதுவும் இலவசமே. கதிர்வீச்சு வாரக்கணக்கில் நீளும் என்பதால், எங்கே தங்கி எடுக்கலாம் என்பதை வைத்தியரிடம் பேசியே முடிவு செய்யுங்கள். உறவுக்காரர் வீடு மட்டக்களப்பில் இருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வசதி குறைந்த குடும்பங்கள் ஜனாதிபதி நிதியத்தின் மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம். 2025 முதல் அதற்குக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை, உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். வருமானம் பார்க்கப்படும். புற்றுநோயாளருக்கான சமூக சேவை உதவிப்பணம் பற்றியும் அங்கேயே விசாரியுங்கள். நோயின் பெயர் எழுதி வைத்தியர் முத்திரையிட்ட கடிதம், கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகள் கையில் இருக்கட்டும்.

இக்கட்டி 10 ஆண்டு கழித்தும் திரும்பி வரக்கூடும். சுகமாகிவிட்டது என்று கிளினிக்கை நிறுத்த வேண்டாம். ஊர் மாறினால் பழைய கொப்பியோடும் ஸ்கான் படங்களோடும் புதிய இடத்தில் பதிந்துகொள்ளுங்கள்.