முட்டிவலிக்கு எண்ணூர்ச் சேறு வேண்டாம்

பல்கேரியாவில், கருங்கடல் ஓரமாகப் பொமோரியே என்றொரு உப்பு ஏரி இருக்கிறது. அங்கே உப்பு எடுக்கிறார்கள், வலசைப் பறவைகள் வந்து இறங்குகின்றன. 2002இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. அடியில் படியும் கருஞ்சேற்றைச் சூடாக்கி மூட்டுவலிக்குப் பூசுவது அந்த ஊரில் மருத்துவர் மேற்பார்வையில் நடக்கும் சிகிச்சை. இதைப் பற்றி யாராவது கேள்விப்பட்டுவிட்டால் போதும், என் பிசியோதெரபி கிளினிக்கில் அடுத்த கேள்வி தயார்: "நம்ம முகத்துவாரத்துலயும் உப்பளம் இருக்கு, நாரை வருது, சேறும் கருப்பாத்தான் இருக்கு. அதைப் போட்டா என்னா மேடம்?"

நியாயமான கேள்விதான். கருப்பு நிறம் இரும்பு சல்பைடால் வருவது. காற்றுப் புகாத சேற்றில் பாக்டீரியா உண்டாக்குவது. அது எண்ணூரிலும் உண்டு. ஆனால் அங்கே கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் வருஷக்கணக்காகப் படிந்திருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் வந்து சேர்ந்தது. கூழைக்கடாக்களின் இறகெல்லாம் எண்ணெய் அப்பிக் கிடந்தது ஊருக்கே தெரியும். சேற்றில் கன உலோகங்கள் இருப்பதை ஆய்வுகளும் சொல்கின்றன. வெடிப்பு விட்ட காலில் அதைப் பூசலாமா?

எனக்கு இதைவிடப் பெரிய பயம் சூடுதான். சேறு சூட்டைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும். குணமும் அதுதான், ஆபத்தும் அதுதான். மீன் விற்கும் அம்மா ஒருவர், பல வருஷமாகச் சர்க்கரை உள்ளவர், அலுமினியச் சட்டியில் சேற்றைக் காய்ச்சி முட்டியிலிருந்து பாதம் வரை அப்பிக்கொண்டார். "சூடே தெரியலம்மா" என்றார். தெரியாது, பாதத்தில் உணர்வு மங்கியிருந்தது. கழுவிப் பார்த்தபோது குதிகாலில் எலுமிச்சம்பழ அளவு கொப்புளம்.

சேற்றுச் சிகிச்சையால் முட்டித் தேய்மான வலி கொஞ்ச காலம் குறைவதாக ஆய்வுகள் உண்டு. தேய்ந்த குருத்தெலும்பு அதனால் வளராது. அந்தச் சுகத்தில் பெரும்பங்கு வெதுவெதுப்புக்குத்தான் என்பது என் கணிப்பு. அதற்கு வெந்நீர்ப்பையைத் துண்டில் சுற்றி 15 நிமிடம் வைத்தாலே போதும். சர்க்கரை உள்ளவர்கள், முதலில் பாதத்தில் உணர்வு இருக்கிறதா என்று பரிசோதித்துக்கொள்ளுங்கள். சூட்டை வீட்டில் வேறொருவர் முன்கையில் வைத்துப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு முட்டிக்கடியில் சுருட்டிய துண்டை வைத்து, முட்டியால் அதைக் கீழே அழுத்தி 5 நொடி பிடியுங்கள், 10 முறை. இதைத்தான் யாரும் செய்வதில்லை!

சுட்டுக்கொண்டால் உடனே அந்த இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், மஞ்சளோ பேஸ்ட்டோ தடவாதீர்கள். சர்க்கரை இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.