இன்டர்மீடியரி: தரகர் அல்ல, பிறகு யார்?

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் தெருவுக்கு இன்டர்நெட் கனெக்‌ஷன் கொடுப்பவர் சேலத்துக்காரர். பெரிய கம்பெனி ஒன்றிடம் லைன் வாங்கி வீடுவீடாகப் பிரித்துக் கொடுக்கிறார். போன மாதம் கம்பெனி அனுப்பிய கடிதத்தோடு வந்தார். யாரோ ஒரு வாடிக்கையாளர் புதுப்படத்தை டோரன்ட்டில் இறக்கிவிட்டாராம். கடிதத்தில் நாலு இடத்தில் 'இன்டர்மீடியரி'. "தமிழ்ல என்ன சார்?" என்றார். செய்தித்தாள் பழக்கத்தில் 'இடைத்தரகர்' என்று சொல்லிவிட்டேன்.

"நான் என்ன சார், வீட்டு புரோக்கரா?"

அவர் கோபம் நியாயம்தான். தரகருக்கு இரண்டு தரப்பையும் தெரியும், பேரத்தைப் படிய வைப்பார், கமிஷன் வாங்குவார். இன்டர்மீடியரிக்கு வேர் லத்தீன்: 'இன்டர்' இடையே, 'மீடியஸ்' நடு. நடுவில் இருப்பவர், அவ்வளவுதான். 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவு முதலில் 'நெட்வொர்க் சேவை தருபவர்' என்றே தொடங்கியது. 2008 திருத்தம்தான் அந்த இடத்தில் இன்டர்மீடியரியை வைத்து, இணைய சேவை நிறுவனம், தேடுபொறி முதல் சைபர் கஃபே வரை எல்லோரையும் அதற்குள் பெயர் சொல்லிச் சேர்த்தது. பிறர் போட்ட சரக்குக்கு இவர்கள் பொறுப்பில்லை. ஆனால் அதைத் தாமே அனுப்பத் தொடங்கியிருக்கக் கூடாது, யாருக்குப் போகவேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது, உள்ளே இருப்பதில் கைவைக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு.

'இடையீட்டாளர்' என்றும் எழுதுகிறார்கள். இடையீடு என்றால் குறுக்கீடு. குறுக்கிடாதவருக்குத்தானே இங்கே காப்பு! 'கடத்துநர்' என்றார் ஒரு நண்பர். ஏர்போர்ட் சுங்கத்தில் மாட்டிக்கொள்வோம். டெல்லியில் இந்தி காதில் விழுந்தபடியே இருப்பதில் ஒரு லாபம்: தரகருக்கு 'பிச்சௌலியா', சட்டத்தின் இன்டர்மீடியரிக்கு 'மத்யவர்த்தி' என்று அவர்கள் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதே வழியில் தமிழில் 'இடைநிலையர்' எனலாம். பள்ளிக்கூடத்து இடைநிலை ஆசிரியர் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

பதிப்புரிமை என்று வரும்போதுதான் இந்தச் சொல்லுக்கு வில்லங்கம். அதே சட்டத்தின் 81ஆம் பிரிவு, 1957 பதிப்புரிமைச் சட்டம் தரும் உரிமைகளை இது தடுக்காது என்கிறது. அப்படியானால் பாட்டுக்கும் படத்துக்கும் 79இன் காப்பு கிடையாதா? மைஸ்பேஸ் என்ற சமூக வலைத்தளத்தின் மீது சூப்பர் கேசட்ஸ் என்ற இசை நிறுவனம் போட்ட வழக்கில், கிடையாது என்ற பக்கமே 2011இல் டெல்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி சாய்ந்தார். 2016 டிசம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: காப்பு உண்டு, அதைப் பறிக்க, தளத்தில் திருட்டுச் சரக்கு எங்கோ இருக்கலாம் என்ற பொதுவான அறிவு போதாது, இன்ன படைப்பு இன்ன இடத்தில் என்று குறிப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் காப்பு போச்சு. தற்காலிகமாகத் தேக்கி வைக்கும் சில சேவைகளுக்கு 2013 பதிப்புரிமை விதிகள் கெடு வைக்கின்றன: உரிமையாளர் முறையாக எழுதிக் கேட்டால் 36 மணி நேரத்துக்குள் அந்தப் படைப்பு யாருக்கும் கிடைக்காதபடி நிறுத்த வேண்டும், 21 நாளில் அவர் கோர்ட் உத்தரவு கொண்டுவராவிட்டால் திறந்துவிடலாம்.

இதையெல்லாம் சொன்னதும் சேலத்துக்காரர் முகம் தெளிந்தது. "அப்ப நான் இடைநிலையர். லைன்ல என்ன போகுதுன்னு எனக்கெப்படி சார் தெரியும்?" என்றவர், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்: "ஆபீஸ்ல ஒரு சர்வர் வெச்சிருக்கேன். நம்ம கஸ்டமருங்க நெட் ஸ்லோவா இருந்தாலும் படம் பாக்கட்டும்னு. அதுவும் இதுல வருமா?"

"அதில் படங்களைப் போட்டது யார்?"

"நான்தான் சார். நல்ல பிரின்ட்டா பாத்துப் பாத்துப் போட்டேன்."