ஒரே கேபிளில் டிவியும் இணையமும்: நான்கு பைட் சீட்டின் வேலை

ஒரே உறையில் இரண்டு கத்தி இருக்காது என்பார்கள். சுவருக்குள் ஓடும் நெட்வொர்க் கேபிளிடம் அந்தப் பழமொழி செல்லாது.

ரூட்டர் ஓர் அறையில், டிவி வேறோர் அறையில், நடுவில் கேபிள் ஒன்றே ஒன்று. டிவி இருக்கும் பக்கம் செட்டாப் பாக்ஸும் உண்டு, கணினியும் உண்டு. இணைய இணைப்போடு டிவியும் தரும் நிறுவனங்கள் பல, டிவிக்கென்று தனி வலையமைப்பு வைத்திருக்கின்றன. பாக்ஸ் தன் ஐபி முகவரியை அங்கிருந்துதான் வாங்கும். சாதாரண இணைய போர்ட்டில் செருகினால் திருதிருவென முழிக்கும். ஆக, ஒரே அறைக்கு இரண்டு வலையமைப்புகள் போய்ச் சேர வேண்டும். இன்னொரு கேபிள் இழுக்கலாம்தான், ஆனால் சுவரை உடைக்க யாருக்கு மனம் வரும்?

குறுக்கு வழி ஒன்று இருக்கிறது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு ஜோடியே போதும். அதனால் இரு முனையிலும் ஒரு பிரிப்பானை மாட்டி, இரண்டு ஜோடியை டிவிக்கும் இரண்டு ஜோடியை இணையத்துக்கும் ஒதுக்கலாம். வேலை செய்யும். ஆனால் ஜிகாபிட் ஈதர்நெட் நான்கு ஜோடிகளையும் கேட்கும், ஜோடிக்கு 250 மெகாபிட் என்ற கணக்கில். பிரிப்பானை மாட்டிய அன்றே இணைய வேகம் பத்தில் ஒரு பங்காகிவிடும். வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய இதை நான் சொல்ல மாட்டேன்.

கம்பியைப் பிரிக்க வேண்டியதில்லை, தரவைப் பிரித்தால் போதும். கேபிளில் இரண்டு தரவு எப்போதும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் போவதில்லை. எல்லாம் சிறுசிறு ஃபிரேம்களாக, ஒன்றன் பின் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. 1500 பைட் ஃபிரேம் ஒன்று ஜிகாபிட் கேபிளில் ஏற 12 மைக்ரோநொடி ஆகும். அடுத்த 12 மைக்ரோநொடியில் வேறொருவருடைய ஃபிரேம் போகலாம். மறுமுனையில் எது யாருடையது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் பிரச்சினை.

அதற்குத்தான் ஒரு சீட்டு. 1998இல் வெளியான 802.1க்யூ என்ற தரநிலை இதை வகுத்தது. ஃபிரேமின் தொடக்கத்தில் பெறுபவரின் முகவரி 6 பைட், அனுப்புபவரின் முகவரி 6 பைட். அதை அடுத்து 4 பைட் டேக் ஒன்று செருகப்படுகிறது, அதுதான் நம் சீட்டு. அதில் முதல் 2 பைட், பதினாறடிமான முறையில் 8100 என்ற எண். 'இது டேக் உள்ள ஃபிரேம்' என்பதற்கான அடையாளம். மிச்சமுள்ள 16 பிட்டில் 3 பிட் முன்னுரிமைக்கு, 1 பிட் நெரிசல் வந்தால் முதலில் தூக்கி எறியலாமா என்று சொல்ல, 12 பிட் வீலேன் எண்ணுக்கு. வீலேன் என்பது ஒரே கேபிளில் தனித்தனியாக ஓடும் வலையமைப்புகளில் ஒன்று. 12 பிட்டில் 4096 எண்கள் அடங்கும். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை, மீதி 4094. நமக்கு வேண்டியது இரண்டுதான். டிவிக்கு 20, இணையத்துக்கு 10 என்று வைத்துக்கொள்வோம்.

இரு முனையிலும் இதைப் புரிந்துகொள்ளும் சுவிட்ச், அதாவது ஃபிரேம்களை உரிய போர்ட்டுக்குத் தள்ளும் பெட்டி, ஒவ்வொன்று வேண்டும். ரூட்டர் பக்கத்து சுவிட்ச் டேக்கைக் குத்தி அனுப்பும். டிவி பக்கத்து சுவிட்ச் எண்ணைப் பார்த்து, டேக்கைக் கழற்றிவிட்டு, 20ஐ செட்டாப் பாக்ஸ் போர்ட்டுக்கும் 10ஐ கணினி போர்ட்டுக்கும் தள்ளும். பாக்ஸுக்கோ கணினிக்கோ நடுவில் இப்படி ஒன்று நடந்ததே தெரியாது. இரண்டு சுவிட்ச்களையும் இணைக்கும் போர்ட்டுக்கு ட்ரங்க் என்று பெயர். அங்கே மட்டும்தான் டேக் உயிரோடு இருக்கும்.

மலிவான சுவிட்ச்களில் ஒரு வழுக்கல் உண்டு. எந்த வீலேன் எந்தப் போர்ட் வழியாக வெளியே போகலாம் என்பது ஓர் அமைப்பு. உள்ளே வரும் டேக் இல்லாத ஃபிரேமுக்கு எந்த எண்ணைக் குத்துவது என்பது பிவிஐடி என்ற வேறோர் அமைப்பு. முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்தால், பாக்ஸ் அனுப்புவதெல்லாம் தப்பான வீலேனுக்குள் போய்விழும். பாவம், அது முகவரி கேட்டுக் கேட்டே ஓய்ந்துபோகும். அப்புறம், சுவிட்சை எந்தப் போர்ட் வழியாக அமைக்கிறோமோ அதே போர்ட்டின் வீலேனை மாற்றுவது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுகிற வேலை.

சரி, கேபிளில் இடம் போதுமா? தாராளமாக. எச்டி சேனல் ஒன்றுக்கு 8 மெகாபிட் அளவு, 4கே என்றால் 25 வரை. ஜிகாபிட் கேபிளின் 1000 மெகாபிட்டில் அது எந்த மூலைக்கு? ஆனால் வீட்டுக்குள் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் பெரிய கோப்பை நகலெடுத்தால் கேபிள் முழுசாக நிரம்பிவிடும். சுவிட்சின் வரிசையில் இடமில்லாத ஃபிரேம்கள் கீழே விழும். கோப்பு என்றால் விழுந்ததை மறுபடி அனுப்பிவிடலாம். நேரலை டிவி பெரும்பாலும் யுடிபி முறையில் வருகிறது. அதில் தானாக மறுமுறை அனுப்பும் ஏற்பாடு கிடையாது. 188 பைட் வீடியோத் துண்டுகள் ஏழு ஏழாகக் கட்டி, 1316 பைட் மூட்டையாக வரும். ஒரு மூட்டை தொலைந்தால் திரையில் கட்டம் கட்டமாகச் சிதறும். டேக்கில் உள்ள அந்த 3 பிட் முன்னுரிமை இங்கேதான் கைகொடுக்கிறது: டிவி ஃபிரேமுக்குப் பெரிய எண்ணைக் கொடுத்தால், அதைப் பார்க்கும்படி அமைத்த சுவிட்ச் அதை வரிசையின் முன்னால் விடும்.

இதுவரை எளிது. டிவிக்கு இன்னொரு குணம் உண்டு, மல்டிகாஸ்ட். ஆயிரம் வீடுகள் ஒரே சேனலைப் பார்க்க, ஆயிரம் பிரதிகள் அனுப்புவது வீண். சேனலுக்கு ஒரு குழு முகவரி கொடுத்து (224இல் தொடங்கி 239 வரையிலான முகவரிகள் இதற்கென்றே உள்ளவை), வேண்டும் என்று சொன்னவர் பக்கம் மட்டும் கிளை பிரித்து அனுப்பலாம். இணையத்தில் இதற்கு அடித்தளம் போட்டவர் ஸ்டீவ் டியரிங்; 1989இல் அவர் எழுதிய ஆவணத்தில்தான் ஐஜிஎம்பி என்ற சேர்க்கை நெறிமுறை வடிவம் பெற்றது. ரிமோட்டில் சேனல் மாற்றும்போது பாக்ஸ் பழைய குழுவிலிருந்து விலகி, புதிய குழுவில் சேர்கிறது.

சாதாரண சுவிட்சுக்கு இந்தக் குழு விவகாரம் புரியாது. குழு முகவரிக்கு வருவதை எல்லாப் போர்ட்டுக்கும் இறைக்கும். வீலேன் பிரிக்காத வீட்டில் அந்த வெள்ளம் வைஃபைக்குள்ளும் பாயும். மல்டிகாஸ்டை வைஃபை வழக்கமாகத் தன் மிகக் குறைந்த வேகங்களில்தான் அனுப்பும் என்பதால், ஒரு சேனல் ஓடினாலே கைபேசிகள் எல்லாம் திணறும். இதைத் தடுப்பது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்: சேர்க்கைச் செய்திகளைச் சுவிட்ச் ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் கொடுக்கும்.

நானும் வீட்டில் வீலேன் பிரித்து, ஸ்னூப்பிங்கையும் இயக்கினேன். படம் பளிச்சென்று வந்தது. நான்கு நிமிடம் கழித்து உறைந்தது. சேனலை மாற்றித் திரும்பினால் ஓடும், மறுபடி நான்கு நிமிடம் கழித்து உறையும். கேபிளை மாற்றினேன், பாக்ஸைத் திட்டினேன். கடைசியில் கடிகாரம் வைத்துப் பார்த்தபோது ஒவ்வொரு முறையும் 4 நிமிடம் 20 நொடி, அதாவது 260 நொடி. 'இன்னும் யாராவது பார்க்கிறீர்களா' என்று 125 நொடிக்கு ஒருமுறை யாராவது கேட்க வேண்டும். பாக்ஸ் பதில் சொல்லும். 260 நொடிவரை பதில் வராவிட்டால் சுவிட்ச் பட்டியலிலிருந்து பெயரை அடித்துவிடும். கேட்க வேண்டியது ரூட்டர், அதில் அந்த வசதி அணைந்து கிடந்தது. கேட்காத கேள்விக்குப் பாக்ஸ் எப்படிப் பதில் சொல்லும்?

இயக்கிவிட்டேன், படம் நிற்கவில்லை. டிவி வீலேனில் இருப்பதே ஒரே ஒரு பாக்ஸ், வெள்ளம் பாய வேறு போர்ட்டும் இல்லை, ஸ்னூப்பிங்கை அணைத்திருந்தாலே போதும் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது.