மனை வாங்கும் முன் ஏரியின் வயிறு எது, முதுகு எது என்று பாருங்கள்

வில்லங்கச் சான்று, பட்டா, தாய்ப்பத்திரம் எல்லாவற்றையும் துருவிப் பார்ப்பவர்கள்கூட மனை மேட்டில் இருக்கிறதா, பள்ளத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தில் பார்ப்பதில்லை. மே மாதம் நேரில் போய் நின்றால் ஏரி உள்வாயும் (ஏரித் தண்ணீர் பரவி நிற்கும் பக்கம்) புஞ்சைக் காடும் ஒரே மாதிரிதான் தெரியும். தாம்பரம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நிலம் அவ்வளவு தட்டை.

பார்க்க வேண்டியது சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தலப்படம். டோபோஷீட் என்றால் எல்லோருக்கும் புரியும். பழைய எண் முறையில் தாம்பரமும் வேளச்சேரியும் 66 டி/1 தாளில் வரும். புதிய வரிசைத் தாள்களுக்கு எண் வேறு. இந்த அளவையில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 50 மீட்டர். 40-க்கு 60 அடி மனை, அதாவது ஒரு கிரவுண்டு, தாளில் அரை மில்லிமீட்டர்கூட வராது. ஆகவே இதில் மனையைத் தேடாதீர்கள். மனையைச் சுற்றி இரண்டு கிலோமீட்டரில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று தேடுங்கள். ஜெராக்ஸ் எடுத்தாலோ பிரிண்ட் போட்டாலோ படம் சுருங்கிவிடும், 1:50,000 என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கும். அதனால் ஸ்கேல் வைத்து அளக்கும்போது அடியில் கிலோமீட்டர் குறித்து வரைந்திருக்கும் கோட்டு அளவையையே நம்புங்கள். இன்னொன்று: போன் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகையைப் பழைய தாளில் அப்படியே குறித்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி விழும், அந்தத் தாளின் புவி அடிப்படையே (அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் பூமி மாதிரி) வேறு. ரயில் பாதை, சாலைச் சந்திப்பு, கோயில் இவற்றை வைத்து இடம் பிடிப்பதே சரி.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் பழுப்புக் கோடு, பள்ளியில் படித்த சம உயரக் கோடு, இங்கே அதிகம் உதவாது. இந்தத் தாளில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 20 மீட்டர் உயர வித்தியாசம். வண்டலூர், பல்லாவரம் குன்றுகளை அது அழகாகக் காட்டும்: கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு, ‘வி’ போல மேட்டை நோக்கி வளைந்தால் ஓடை. ஆனால் வீட்டை மூழ்கடிக்க இரண்டு மீட்டர் பள்ளம் போதும். அது இரண்டு கோடுகளுக்கு நடுவில் தடமே இல்லாமல் ஒளிந்துகொள்ளும். எனவே தட்டை நிலத்தில் பழுப்புக் கோட்டைவிட ஏரி, ஓடைக் குறிகளே முக்கியம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நீல நிறத்தை மட்டும் தேடுவார்கள். மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகளைத் தலப்படம் கறுப்புக் கோடாகத்தான் போடும். அதை வண்டிப்பாதை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறோம். ஏரிக்கரையின் அருகே ஓர் எண்ணும் ஆங்கில ‘ஆர்’ எழுத்தும் சேர்ந்து இருந்தால், பக்கத்துத் தரையிலிருந்து கரை அத்தனை மீட்டர் உயரம் என்று அர்த்தம்.

ஏரியைப் படத்தில் பிறைநிலா போலக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தடித்து வளைந்த பக்கம் கரை, அதுதான் முதுகு. சென்னை, செங்கல்பட்டுப் பகுதியில் நிலம் கடலை நோக்கிச் சரிவதால் கரை பெரும்பாலும் கிழக்கே இருக்கும். எதிர்ப்பக்கம் கரையே இல்லாமல் நிலத்தோடு கரைந்துபோகும் பகுதி உள்வாய், அதாவது வயிறு. கரையின் ஒரு முனையில் கலங்கல். ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து போக்குக் கால்வாயில் அடுத்த ஏரிக்குப் போகும். மனை உள்வாயில் இருந்தால், ஏரி நிறையும் ஒவ்வொரு ஆண்டும் தண்ணீர் வரும், அதுவும் வாரக்கணக்கில் நிற்கும். உள்வாயில் பட்டா நிலமும் இருப்பதுண்டு. பட்டா இருக்கிறது என்பதற்காக நிலம் உலர்ந்தது ஆகிவிடாது. கரைக்குக் கீழே, ஏரித் தண்ணீர் பாய்ந்த பழைய ஆயக்கட்டு நஞ்சையில் இருந்தால் கசிவு, ஈரச் சுவர். கரை உடைந்தால் முதல் அடி அங்கேதான். இரண்டு ஏரிகளுக்கு நடுவே போக்குக் கால்வாய்த் தடத்தில் இருப்பதுதான் மூன்றிலும் மோசம். பத்து வருடம் சும்மா இருந்துவிட்டு, ஒரே இரவில் ஓடும் தண்ணீராக வரும்.

ஊர்ப்பெயரும் ஒரு வரைபடம்தான். தாங்கல், ஏந்தல், குட்டை, மடு, கழுவெளி எல்லாமே நீர் நிற்கும் இடங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பின் தண்ணீர் ஒக்கியம் மடு வழியாகத்தான் பக்கிங்காம் கால்வாய்க்கு இறங்குகிறது. மாம்பலம் ஏரி இருந்த இடத்தில் 1920-களில் தி.நகர் எழுந்தது, மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இன்னும் இருக்கிறது, வியூதான் இல்லை.

அடுத்து எஃப்.எம்.பி. என்கிற புலப்படம். இது எல்லையின் நீளத்தைச் சொல்லும். உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. உங்கள் சர்வே எண்ணை மட்டும் எடுக்காமல் நாலு பக்கத்து எண்களையும் எடுத்து, கிராம நிலங்களின் விவரம் உள்ள ‘அ’ பதிவேட்டில் அவை ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் எர்த்தில் பழைய படங்களை நகர்த்தி, டிசம்பர், ஜனவரிப் படங்களைத் தேடிப் பாருங்கள். சென்னை வெள்ளம் வந்த 2015 டிசம்பருக்குப் பக்கத்தில் கிடைத்தால் நல்லது. கூகுள் எர்த் காட்டும் கடல்மட்ட உயரத்தை வைத்து மட்டும் ‘நம்ம மனை இரண்டு மீட்டர் மேடு’ என்று முடிவு கட்டாதீர்கள். அதன் பிழையே சில மீட்டர் வரும். மரமும் மாடியும்கூடத் தரைக் கணக்கில் சேர்ந்துவிடும். துல்லியம் வேண்டுமானால் சர்வேயரை வைத்து லெவல் எடுக்கச் சொல்லுங்கள்: மனை மட்டம், சாலை மட்டம், கலங்கலின் மேல்மட்டம், மூன்றும். கலங்கல் மட்டத்தைவிட உள்வாய்ப் பக்கத்து மனை தாழ்வாக இருந்தால் விலை பேச ஒன்றுமில்லை.

கடைசியாக, மனைக்குப் போகும் சாலையில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். இரண்டு பக்கமும் வெறும் லே-அவுட்டாக இருக்கும் இடத்தில் சாலைக்கடியில் ஒரு சிறுபாலம் இருந்தால் இறங்கிப் பார்த்து, அதன் வாய் எந்த மனையை நோக்கித் திறந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.