பெட்ரோல் முள் படுத்துவிட்டால் மீட்டரைக் கழற்றாதீர்கள்

இந்த மாதம் என் பட்டறைக்கு இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். கேரி பேக்கில் ஒரு பழைய மீட்டரைச் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து, "இதை மாட்டி விடுங்கண்ணா, வண்டியில இருக்கிறதுல முள்ளு செத்துப்போச்சு" என்று நின்றார். காசிமேட்டில் மீன் ஏற்றும் மாருதி ஓம்னி வேன், பழைய கார்புரேட்டர் மாடல். பெட்ரோல் முள் பல மாதமாகக் காலியிலேயே படுத்துக் கிடந்திருக்கிறது. அவரும் மனக்கணக்கில் ஓட்டியிருக்கிறார். ஒரு விடியற்காலை கணக்கு தப்பி, ஐஸ் உருகும் மீன் பெட்டிகளோடு எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்றுவிட்டார். அப்புறம் நேராகப் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்குப் போய் மீட்டர் வாங்கியாயிற்று. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

மீட்டரில் ஒரு கோளாறும் இல்லை. டேங்கில் பெட்ரோல் அளவைப் பார்க்கும் யூனிட்டிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயரின் போல்ட்டில் ஸ்பானர் பட்டதுமே துரு பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் தினமும் அங்கேதான் இறங்குகிறது. எமரி தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினேன். சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக எழுந்து கால் டேங்கில் நின்றது.

முள் மீட்டரில் இருப்பதால், பெட்ரோலை அளப்பதும் மீட்டர்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது? அளப்பது டேங்குக்குள் கிடக்கும் ஃப்ளோட். மாடி சின்டெக்ஸில் பந்து மிதக்கிறதே, அது மாதிரி. பெட்ரோல் இறங்கினால் அதுவும் இறங்கும். அதன் கம்பி ஒரு ரெசிஸ்டன்ஸ் பட்டையின் மேல் நகரும். அதற்கேற்ப வயரில் கூடிக் குறையும் கரண்ட்டைத்தான் மீட்டர் காட்டுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா, ஏன், டேங்கே இருக்கிறதா என்றுகூட அதற்குத் தெரியாது. அதைப் போய் டேஷ்போர்டில் குத்துகிறீர்கள். வேறு மாடல் மீட்டரை மாட்டினால் ஓம்ஸ் கணக்கு, அதாவது அந்த ரெசிஸ்டன்ஸின் அளவு, ஒத்துவராது. அரை டேங்கை முக்கால் என்று காட்டும். போதாததற்கு, அதே மீட்டரில் பதிந்திருக்கும், யாரோ ஓட்டிய கிலோமீட்டர் உங்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். விற்கும்போது பதில் சொல்லப்போவது நீங்கள்தான்.

சோதிப்பது பெரிய வித்தை இல்லை. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் டேங்கைத் திறக்காமல், யூனிட்டுக்குப் போகும் வயர் இணைப்பை (கப்ளரை) மட்டும் கழற்றி, மீட்டரிலிருந்து வரும் வயரை ஒரு 3.4 வாட் பல்பு வழியாக எர்த்தில் கொடுத்துச் சாவியைப் போடுங்கள். பல்பு இல்லாமல் நேராக எர்த் செய்து வைத்திருந்தால் மீட்டருக்குள் கம்பிச்சுருள் கருகலாம். பிறகு நிஜமாகவே புது மீட்டர்தான். பழைய மாருதிகளில் முள் ஃபுல் பக்கம் ஏற வேண்டும். சில வண்டிகளில் இது தலைகீழ். அந்தக் கால முள், சூட்டில் வளையும் பட்டையால் நகர்வது. சில விநாடி பொறுங்கள். ஏறினால் மீட்டரும் வயரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு டேங்க் பக்கம். ஏறாவிட்டால் வயரைப் பாருங்கள், கடைசியாக மீட்டரை. பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் மட்டும் நானே மீட்டர் பக்கம் முதலில் போவேன். பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் வோல்டேஜை ஒரே சீராகக் கொடுக்க ஒரே ரெகுலேட்டர்தான்.

டேங்க் பக்கம் என்றால் முதலில் எர்த், அப்புறம்தான் ஃப்ளோட். வெளியே எடுத்த ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குவேன். களக் என்று கேட்டால் ஓட்டை. பெட்ரோல் குடித்து மூழ்கியிருக்கிறது. சத்தமில்லை என்றால் மல்டிமீட்டரை வைத்துக் கம்பியை மெதுவாக நகர்த்துவேன். எண் ஓரிடத்தில் துள்ளினால் பட்டை தேய்ந்துவிட்டது.

டேங்கைத் திறக்கும் இந்த வேலையை வீட்டு வாசலில் செய்யாதீர்கள். "டேங்க் காலிதானே" என்பவரைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாமல் தரையோடு தவழும். பக்கத்துக் கடை வெல்டிங் பொறி போதும். டேங்கைத் திறக்குமுன் பேட்டரி மைனஸைக் கழற்றியாக வேண்டும். லைட்டர் வெளிச்சத்தில் டேங்குக்குள் எட்டிப் பார்த்த ஒருவரை வியாசர்பாடியில் பார்த்திருக்கிறேன். புருவம் இல்லை. உயிர் இருந்தது.

சரி செய்யும்வரை டேங்கை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துவைத்து, பாதி டேங்க் தீரும் தூரம் ஓடியதும் மறுபடி போடுங்கள். டீசல் வண்டி என்றால் இன்னும் கவனம். காலியாக ஓட்டினால் பைப்புக்குள் காற்று புகுந்து ஏர் லாக் ஆகி, டீசல் ஊற்றினாலும் லேசில் கிளம்பாது. டேங்குக்குள் மின் பம்ப் இருக்கும் வண்டியையும் காலியாக ஓட்டாதீர்கள், பம்பைக் குளிரவைப்பதே பெட்ரோல்தான்.

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து சீட்டுக்கு அடியில் வைப்பதை மட்டும் விட்டுவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அந்த ஓம்னியிலும் இரண்டு பாட்டில் இருந்தது. இரண்டையும் டேங்கில் ஊற்றிய பிறகுதான் சாவியைக் கொடுத்தேன்.