தாத்தாவை உட்கார வையுங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இயன்முறைச் சிகிச்சை செய்துவரும் எனக்கு, படுக்கையிலேயே கிடத்தப்பட்டு மூச்சுத் தசை தளர்ந்துபோன முதியவர்களில் இந்த மாதத்தில் இந்தத் தாத்தா மூன்றாவது ஆள். வயது 76, நாற்பது ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். சளிக்காய்ச்சல் வந்ததும், "வயதான உடம்பு, அலட்டக்கூடாது" என்று பிள்ளைகள் மூன்று வாரம் மெத்தையிலேயே கிடத்திவிட்டார்கள். நான் போயிருந்தபோது மருமகள் கொடுத்த தேத்தண்ணீரை ஊதிக் குடிக்கப் பார்த்தார். கோப்பையின் ஆவிகூடக் கலையவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னேன், 11-இல் நின்றுவிட்டார். இருமல் வந்தது, ஆனால் சளியை மேலே கொண்டுவராமல் தொண்டைக்குள்ளேயே முனகி அடங்கியது.

மகன் கேட்டார்: "ஒரு கேஸ் மெஷின் வாங்கி வீட்டிலேயே வைத்துவிடலாமா?"

இந்தக் கேள்வியில்தான் என் பொறுமை போகிறது. நம் மக்கள் கேஸ் என்று சொல்லும் நெபுலைசர், இறுகிப்போன மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைப் புகையாக உள்ளே அனுப்பும் கருவி. ஆஸ்துமாக்காரருக்கு அது உயிர் காப்பது. ஆனால் நுரையீரல் தானாக விரிவதில்லை. அது கொல்லன் பட்டறைத் துருத்தியின் தோல் போன்றது, இழுக்க ஒரு கை வேண்டும். அமைதியாக மூச்சிழுக்கும்போது அந்த வேலையில் ஏறக்குறைய முக்கால் பங்கை நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் என்ற தசை செய்கிறது. விலாவெலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் துணை நிற்கின்றன. கை தளர்ந்த துருத்திக்கு எண்ணெய் போட்டு என்ன பயன்? ஆக்சிஜன் சிலிண்டரும் அப்படியே. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தவருக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுப்பது அது. தசைக்கு வலுவூட்டும் டானிக் அல்ல.

வயது ஏற ஏறத் தொடைத்தசை மெலிவது கண்ணுக்குத் தெரிகிறது, உதரவிதானம் தளர்வது தெரிவதில்லை. விலாக் குருத்தெலும்பு கடினமாகிறது, முதுகு கூன் விழுகிறது. ஆகவே பலம் குறைந்த தசை, முன்னைவிட விறைத்த நெஞ்சுக்கூட்டை அசைக்க வேண்டியிருக்கிறது. இதுவரை இயற்கை. அதற்குமேல் நடப்பது நம் கைங்கரியம். மல்லாந்து படுத்தால் வயிற்றுறுப்புகள் உதரவிதானத்தை மேலே தள்ளுகின்றன, நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் சளி தேங்குகிறது. நோயற்ற முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்தது. இதற்கிடையில் மூன்று வேளையும் தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்துவிட்டு, "அப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை" என்கிறார்கள். தசைக்குப் புரதம் வேண்டும், ஐயா. முட்டை, மீன், பருப்பு, ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரக நோய் உள்ளவருக்கு மட்டும் அளவை மருத்துவரிடம் கேளுங்கள்.

மூச்சு வாங்குவதை "வயதாகிவிட்டது" என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இதயம், இரத்தசோகை, காசநோய் எல்லாம் இதே முகத்தோடுதான் வரும். முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். மருத்துவர் தடை சொல்லாவிட்டால், பகலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். வயிற்றில் கை வைத்து, அந்தக் கை உயரும்படி மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெதுவாக விடச் சொல்லுங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை போதும், தலை சுற்றினால் நிறுத்துங்கள். கண்ணாடியைத் துடைக்க ஆவி விடுவதுபோல் "ஹா" என்று ஊதினால், இருமலைவிடக் குறைந்த சிரமத்தில் சளி நகரும். பக்கத்தில் ஓர் ஆள் நிற்க, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரட்டும், ஐந்தடியானாலும் நடக்கட்டும். படுத்தபடி எதையும் ஊட்டாதீர்கள், புரையேறும். அக்கம்பக்கத்தார் தரும் தூக்க மாத்திரை வேண்டவே வேண்டாம். அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். சளிக்காய்ச்சலுக்கும், நிமோனியா என்ற நுரையீரல் தொற்றை உண்டாக்கும் நிமோகாக்கஸ் கிருமிக்கும் தடுப்பூசி உண்டு, அடுத்த முறை போகும்போது மறக்காமல் கேளுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சலே இல்லாமலும் வரும். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று பெயர் தடுமாறி, உட்கார்ந்த இடத்திலேயே இரைத்தால், உதடு நீலம் பாரித்தால், வெளியூரிலிருக்கும் மகன் வரட்டும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.