சிபிஆர் கற்றுக்கொள்ளும் பணத்தை முதலாளி ஏற்கெனவே கட்டிவிட்டார்

பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் என் மாமா சரிந்து விழுந்தபோது சுற்றிலும் இருபது பேர் இருந்தார்கள். ஒருவர் கோடாலித் தைலம் தேய்த்தார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் அட்டையால் விசிறினார். சிபிஆர், அதாவது நின்றுபோன இதயத்துக்காக நெஞ்சை அழுத்தும் முதலுதவி, தெரிந்தவர் ஒருவரும் இல்லை. மாமா பிழைக்கவில்லை. இதயம் நின்றால் நான்கைந்து நிமிடத்திலேயே மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆம்புலன்ஸ் அதற்குள் வந்து சேர்வது அரிது.

அந்த இருபது பேருக்கும் பயிற்சி கொடுக்க வழி இருந்தது என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

மலேசியர்கள் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், 2001-ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டப்படி, மாதாமாதம் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை ஊழியர் பயிற்சி நிதியை நிர்வகிக்கும் எச்ஆர்டி கோர்ப்புக்கு லெவியாக (கட்டாயக் கட்டணமாக) கட்ட வேண்டும். அதை முதலாளிதான் கட்ட வேண்டும், உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அந்தப் பணம் ஊழியர்களின் பயிற்சிக்கே உரியது. முதலுதவி, சிபிஆர் வகுப்புகளையும் அதிலிருந்து நடத்தலாம். ஆனால் பதிவு பெற்ற பயிற்சி நிறுவனமாக இருக்க வேண்டும், வகுப்பு தொடங்கும் முன்பே நிறுவனம் மானியத்துக்கு விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். நீங்களாகப் போய்க் கற்றுவிட்டு அப்புறம் ரசீதை நீட்டினால் பணம் வராது. அதனால் முதலில் எச்ஆர் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள். நான்கைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டுக் கேட்டால் இன்னும் நல்லது.

சரி, லிட்டில் இந்தியாவில் நான்கு பேர் வேலை செய்யும் துணிக்கடை என்றால்? லெவி கட்டாயமில்லை. ஆனாலும் வேலையிடப் பாதுகாப்புச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஊழியர்களின் பாதுகாப்புக்குத் தேவையான பயிற்சியைத் தருவது முதலாளியின் கடமை. 5 பேரோ அதற்கு மேலோ இருந்தால் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவரையும் நியமிக்க வேண்டும். கேள்வியை அவரிடமே தொடங்கலாம். வேலைக்குப் போகாத அம்மாக்களும் ஓய்வு பெற்றவர்களும் செம்பிறைச் சங்கம், செயிண்ட் ஜான் ஆம்புலன்ஸ் நடத்தும் வகுப்புகளில் கட்டணம் கட்டிச் சேரலாம்.

வகுப்பில் சொல்லித்தருவது இதுதான்: ஆள் அசைவில்லாமல், சரியாக மூச்சுவிடாமல் கிடந்தால் 999-ஐ அழையுங்கள், இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் ஏஈடி கருவியை எடுத்துவரச் சொல்லுங்கள், நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். படிக்க எளிது. ஆனால் பொம்மையின் மேல் இரண்டு நிமிடம் அழுத்திப் பார்த்தால்தான் எவ்வளவு பலம் வேண்டும் என்று கை கற்றுக்கொள்ளும். ஆகவே வகுப்பைப் பதியும் முன், ஒவ்வொருவருக்கும் பொம்மையில் பழக நேரம் உண்டா, தமிழிலோ மலாயிலோ விளக்குவார்களா என்று கேட்டுவிடுங்கள்.